அலை வராத நாளின் சைரன்

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. சித்திரை வருடப்பிறப்புக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. பிற்பகல் 2.08க்குச் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. இலங்கையிலும் அதிர்வை உணர்ந்தவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் கிழக்குக் கரையெங்கும் கடலை விட்டு விலகும்படி அறிவித்தார்கள். சனம் ஓடியது. சுமாத்திராவின் மெயுலாபோ கரையில் ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரத்துக்கு அலை எழுந்தது. நம் பக்கத்தில் அழிவு செய்யும் அலை எதுவும் வரவில்லை. ஏறக்குறைய நாலு மணி நேரம் கழித்து எச்சரிக்கை விலக்கப்பட்டது.

அதற்கு ஏழு ஆண்டுகள் முந்தி, 2004 டிசம்பர் 26 காலை, எல்லாம் நேர்மாறாக நடந்தது. அன்று பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். அன்றைய இலங்கை நேரப்படி 6.58க்கு நிலம் நடுங்கியது. கிழக்குக் கரைக்கு அலை வந்துசேர இரண்டு மணி நேரம் வரை இருந்தது. எந்தச் சைரனும் ஒலிக்கவில்லை. நாடு முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

மட்டக்களப்புக் கரையோர ஊரான களுதாவளையில் இருப்பவருக்கு இந்த இரண்டு நாட்களும் எழுப்பும் கேள்வி பத்திரிகைச் செய்தியோடு முடிந்துபோகிற ஒன்றல்ல. ஊரின் கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. நடுவில் மணல் நிலம், வெற்றிலையும் மிளகாயும் மரக்கறியும் விளையும் தோட்டங்கள், கல்முனை வீதி. வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போக அதைக் கடக்க வேண்டும். தெற்கே பட்டிருப்புப் பாலம் இருக்கிறது. வடக்கே மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை அங்கே ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவையில்தான் கடக்க வேண்டியிருந்தது. ஆகவே ‘கரையை விட்டுப் போங்கள்’ என்ற மூன்று சொல்லுக்கு இங்கே விலை அதிகம். கிழவர், குழந்தை, மாடு, கதவு பூட்டாத வீடு, ஒரே பாலத்தில் மோதும் வாகனங்கள்.

அப்படியானால் 2012இல் அடித்த சைரன் பிழையா? கண்காணிக்கும் கருவி ஒன்று எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதே இதன் அடியில் கிடக்கும் அறிவியல் கேள்வி. சுனாமி மிதவைக்கும் அணு உலைக்கும் வங்கியின் கணினி அறைக்கும் இதே கேள்விதான்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2004இல் கருவிகள் தூங்கவில்லை. கண்டிக்கு அருகே பல்லேகலையில் உலக நில அதிர்வு வலையமைப்பைச் சேர்ந்த நிலையம் ஒன்று இருந்தது. சுமாத்திராவில் எழுந்த முதல் அதிர்வலை நிலத்தினூடாக அங்கே வந்துசேர ஏறக்குறைய நாலு நிமிடம் போதும். ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையமும் நடுக்கம் நடந்து கால் மணி நேரத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டது. அந்த அறிக்கை அளவை 8.0 என்றது, ஒரு மணி நேரம் கழித்து வந்த அடுத்த அறிக்கை 8.5 என்றது. அதன் உண்மை அளவு 9ஐத் தாண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அறிக்கைகள் பசிபிக் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. பசிபிக்குக்கு ஆபத்தில்லை என்பதே அவற்றின் சாரம். இந்து சமுத்திரக் கரையில் யாரை எழுப்புவது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்ற ஏற்பாடு அன்று இல்லை.

அளப்பது ஒரு வேலை, எச்சரிப்பது இன்னொரு வேலை. அளவு என்பது தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் எண். எச்சரிக்கை என்பது அந்த எண்ணைப் பார்த்து எடுக்கும் முடிவு: இன்ன ஆளை, இன்ன நேரத்தில், செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து பிடுங்கி எடுக்கலாம் என்ற முடிவு. முடிவு என்றால் அதில் பிழை வரும். அந்தப் பிழை இரண்டு வகை.

படுவான்கரை வயலில் அறுவடைக்கு முன் பரணில் காவல் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஏதோ சரசரக்கிறது. யானையாக இருக்கலாம், பன்றியாக இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம். ஒவ்வொரு சத்தத்துக்கும் யானைவெடி போட்டால் ஊர் தூங்காது. நாலாம் இரவு வெடி கேட்டும் எவரும் எழமாட்டார். யானையைக் கண்ணால் கண்டபிறகுதான் வெடி போடுவேன் என்றிருந்தால் அதற்குள் பாதி வயல் போயிருக்கும். முதலாவதைப் பொய் எச்சரிக்கை என்போம், இரண்டாவதைத் தவறவிட்ட எச்சரிக்கை என்போம். எவ்வளவு சத்தம் கேட்டால் வெடி என்று காவல்காரர் மனத்தில் வைத்திருக்கும் அளவுதான் வரம்பு. வரம்பைத் தாழ்த்தினால் பொய் கூடும், உயர்த்தினால் தவறுவது கூடும். ஒரே காதை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகக் குறைக்க முடியாது. குறைக்க வேண்டுமானால் காது கூர்மையாக வேண்டும், அல்லது இரண்டாவது காது வேண்டும்.

ரேடார் திரையில் தெரியும் புள்ளி எதிரி விமானமா வெறும் இரைச்சலா என்று தடுமாறிய காலத்திலிருந்து வளர்ந்துவந்த ஒரு தனித் துறையே இதற்கு உண்டு. அதைக் குறிகை கண்டறியும் கோட்பாடு என்று தமிழில் சொல்லலாம். அது தரும் முதல் பாடம், சரியான வரம்பு என்று ஒன்று கருவிக்குள்ளேயே இருப்பதில்லை என்பது. ஒரு பொய் எச்சரிக்கையால் எவ்வளவு நட்டம், ஒன்றைத் தவறவிட்டால் எவ்வளவு நட்டம் என்ற கணக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். தவறவிடுவது ஆயிரம் மடங்கு மோசம் என்றால், ஆயிரத்தில் ஒன்று என்ற சந்தேகத்துக்கே மணியடிப்பது நியாயமாகிவிடும். சுனாமி ஏறக்குறைய அந்த வகை.

இனிக் கடலடிக்குப் போவோம். ஆழ்கடலில் சுனாமியைப் பிடிக்கும் கருவி, பல ஆயிரம் மீற்றர் ஆழத்தில் தரையில் கிடக்கும் ஓர் அழுத்தமானி. தன் தலைக்கு மேலுள்ள நீர்த்தூணின் பாரத்தை அது ஓயாமல் நிறுத்துக்கொண்டிருக்கிறது. அளவை ஒலிச் சமிக்ஞையாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்பும், மிதவை அதைச் செய்மதி வழியாகக் கரைக்கு அனுப்பும். காற்று கிளப்பும் அலைகள், எவ்வளவு பெரியதானாலும், மேற்பரப்பிலேயே அடங்கிவிடுகின்றன. அவற்றின் ஆட்டம் அந்த ஆழத்தை எட்டாது. சுனாமி அப்படியல்ல, கடலின் முழு ஆழமும் சேர்ந்து அசையும். அதனால் அடியில் இருக்கும் மானிக்கு மேலே அடிக்கும் புயல் தெரியாது, சுனாமி தெரியும். எந்த இடத்தில் காது வைப்பது என்ற தேர்விலேயே பாதி இரைச்சல் கழிந்துவிட்டது.

மீதி இரைச்சல் வற்றுப்பெருக்கு. அது அடித்தரையிலும் தெரியும், சுனாமியைவிடப் பெரிதாகவே தெரியும். ஆழ்கடலில் சுனாமி எவ்வளவு உயரம் இருக்கும் என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 2004இல் நடுக்கம் நடந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 என்ற செய்மதி தற்செயலாக வங்காள விரிகுடாவுக்கு மேலே பறந்தது. கடல்மட்டத்தை அளப்பதே அதன் தொழில். நடுக்கடலில் அந்தப் பேரலையின் உயரம் வெறும் 60 சென்டிமீற்றர் அளவு என்று அது பதிந்திருந்தது. அந்தப் பதிவு ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த 60 சென்டிமீற்றர்தான் ஆழம் குறைந்த கரையில் வேகம் இழந்து, பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதை நெருக்க, பல மீற்றராக எழுந்தது. படகில் இருந்தவருக்கு அது காலடியில் போனதே தெரிந்திருக்காது.

ஆகவே கடல்மட்டம் இவ்வளவுக்கு மேல் போனால் மணி அடி என்று நிலையான வரம்பு வைத்தால் ஒவ்வொரு பெருக்குக்கும் மணி அடிக்கும். அமெரிக்கப் பெருங்கடல் ஆய்வாளர் ஹெரால்ட் மோஃபெல்ட் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். கருவியில் உள்ள மென்பொருள் கடந்த மூன்று மணி நேர அளவுகளைக் கொண்டு, இந்தக் கணத்தில் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறது. வற்றுப்பெருக்கு மெதுவானது, ஒழுங்கானது என்பதால் அதை ஊகிப்பது எளிது. 15 செக்கனுக்கு ஒரு முறை வரும் உண்மை அளவை அந்த ஊகத்தோடு ஒப்பிடுகிறது. வேறுபாடு 3 சென்டிமீற்றர் நீருக்குச் சமமான வரம்பைத் தாண்டினால் மட்டும் சந்தேகப்படும். அப்போதும் உடனே கத்தாது. அடுத்த 15 செக்கன் அளவும் தாண்டினால்தான் கத்தும். ஒரு தடவை வரும் தாண்டல் மின்னணுக் கோளாறாக இருக்கலாம், அடுத்தடுத்து இரண்டு தடவை அப்படி நேர்வது அரிது. கொடுக்கும் விலை வெறும் 15 செக்கன். அலை ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் வந்தாலும் அந்தப் பொழுதில் மூன்று கிலோமீற்றர்தான் நகரும்.

இங்கே இரண்டு யுக்திகள் இருக்கின்றன. எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பது ஒன்று. சற்றுப் பொறுத்து இரண்டாம் சாட்சி கேட்பது மற்றது. கண்காணிப்பு மென்பொருள் எழுதுகிறவர்கள் இன்றும் இவற்றைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

மிதவை கத்தினால் களுதாவளையில் சைரன் அடித்துவிடுவதில்லை. அந்தக் கத்தல் இரவுபகலாக ஆள் இருக்கும் ஓர் அறையில்தான் கேட்கும். அருகில் நடந்த நிலநடுக்கத்தின் அதிர்வே கடல்தரையைக் குலுக்கி மிதவையை எழுப்பிவிடும், அலை பிறகுதான் வரும். அந்த அறையில் இருப்பவருக்கு அது தெரியும். பரணுக்குக் கீழே கட்டியிருக்கும் நாய் எதற்கும் குரைக்கலாம், குரைப்பால் எழுவது காவல்காரர் ஒருவர்தான். வெடி போடலாமா என்பதை அவர் எழுந்து பார்த்துத் தீர்மானிப்பார். வெடி ஊரையே எழுப்பும். படிக்குப் படி எழும் ஆட்கள் கூடுவதால் வரம்பும் உயர வேண்டும். நாய்க்கும் சைரனுக்கும் ஒரே வரம்பு வைத்த ஏற்பாடுகள்தான் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன.

2004க்குப் பிறகு அந்த அறைகள் உருவாயின. ஹைதராபாத்தில் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு 2007 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் வந்து, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. கரையோரமாக 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நாட்டப்பட்டன. 2011 அக்டோபர் முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்து சமுத்திரம் முழுவதற்கும் அறிவித்தல் தரத் தொடங்கின. ஆறு மாதத்தில் வந்தது அந்த ஏப்ரல் 11. முதல் பெரிய சோதனை.

ஹைதராபாத் மையம் வகுத்துக்கொண்ட விதி ஒன்று இந்தக் கட்டுரையின் நடுநாயகம் என்பேன். நடுக்கம் நடந்த இடத்திலிருந்து அலை 60 நிமிடத்துக்குள் எட்டிவிடும் கரைகளுக்கு, நிலநடுக்கத் தகவல் ஒன்றை மட்டும் வைத்தே எச்சரிக்கை கொடுத்துவிட வேண்டும். மிதவை என்ன சொல்கிறது என்று காத்திருக்க அங்கே நேரம் கிடையாது. 60 நிமிடத்துக்கு அப்பால் உள்ள கரைகளை முதலில் விழிப்பு நிலையில் மட்டும் வைத்து, அலை உண்மையாகவே எழுந்தது என்று நீர்மட்டக் கருவி காட்டிய பிறகே முழு எச்சரிக்கைக்கு உயர்த்த வேண்டும். ஒரே நிலநடுக்கம், ஒரே ஆபத்து. நிக்கோபார் தீவில் இருப்பவருக்கு ஒரு வரம்பு, தூரத்தில் இருப்பவருக்கு வேறு வரம்பு. அநியாயம் போலத் தோன்றலாம். ஆனால் இதைவிட நியாயமான விதியை நான் அறியேன். சான்று எவ்வளவு வேண்டும் என்பதை எவ்வளவு நேரம் பொறுக்க முடியும் என்பதிலிருந்து அது பெறுகிறது.

ஏன் இது அவ்வளவு முக்கியம் என்றால், அறிவு சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. நடுக்கம் நடந்து சில நிமிடங்களில் அது எங்கே நடந்தது, ஏறத்தாழ எவ்வளவு பெரியது என்பது தெரியும். எப்படி நடந்தது என்பது தெரியாது. 2004இல் ஒரு தட்டு மற்றதன் மேல் ஏறிக் கடல்தரையைத் தூக்கியது, மேலிருந்த நீர் முழுவதும் எழுந்தது. 2012இல் நடந்தது வேறு. தட்டுகள் சேரும் அகழிக்கு மேற்கே, கடல்தரைப் பாறை பக்கவாட்டில் உரசி நழுவியது. அப்படி நழுவியவற்றில் அதுவரை கருவிகள் பதிந்ததிலேயே மிகப் பெரியது அது. தரை பெரிதாக மேலே எழாததால் நீரைத் தூக்க அதிகம் ஒன்றும் இல்லை. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, உலகெங்கும் உள்ள நிலையங்களுக்கு நீண்ட அதிர்வலைகள் போய்ச்சேர வேண்டும். அதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். ‘8.6, கடலடியில்’ என்பது மட்டுமே தெரிந்திருந்த அந்த முதல் நிமிடங்களில் 2012க்கும் 2004க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இப்போது களுதாவளையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அலை வர இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து சனம் விலகிப்போகத் தேவையான நேரத்தைக் கழியுங்கள். கொழும்பிலிருந்து அறிவித்தல் கிளம்பி, பொலிசார், கிராம சேவகர், கோயில் ஒலிபெருக்கி என்று ஒவ்வொரு வாசலுக்கும் வந்துசேரும் நேரத்தையும் கழியுங்கள். எஞ்சுவதுதான் பொறுக்கக்கூடிய நேரம். பட்டிருப்புப் பாலத்தில் நெரிசல் என்று வைத்து விலகுவதற்கு ஒரு மணி நேரம் கொடுத்தால், முடிவெடுக்கிறவருக்கு அரை மணி நேரம் போல மிஞ்சும். அதற்குள் நடுக்கத்தின் தன்மையும் ஒரு மிதவையின் சாட்சியும் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சைரன் அடிக்கத்தான் வேண்டும். 2012இல் அடித்தது பிழையில்லை என்பது என் தீர்ப்பு. அலை வரவில்லை என்பது மாலையில் தெரிந்த விஷயம், மதியம் எடுத்த முடிவை அதைக்கொண்டு எடைபோட முடியாது.

இந்தக் கணக்கு இரவில் மாறும். 2005 மார்ச் 28, சுனாமி நடந்து மூன்று மாதம். சுமாத்திராவுக்கு அருகே நியாஸ் தீவில் மறுபடி 8.6. இலங்கை நேரம் இரவு பத்து மணி தாண்டியிருந்தது. இருட்டில், தூக்கத்தில் இருக்கும் ஊரை நகர்த்த இரட்டிப்பு நேரம் பிடிக்கும், எனவே பொறுக்கக்கூடிய நேரம் இன்னும் சுருங்கும். அன்றும் கரையோர மக்களை விலகச் சொன்னார்கள், அன்றும் இங்கே பேரலை வரவில்லை. 2007 செப்டம்பர் 12இல் 8.4, அப்போதும் அப்படியே. ஏழு ஆண்டுகளில் மூன்று தடவை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு நீர்மட்டமானியை வைத்தால் மட்டக்களப்புக்கு முன்னறிவிப்புக் கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. கிழக்கிலிருந்து வரும் அலை திருகோணமலையையும் நம்மையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடும். அந்த மானி கொழும்புக்குப் பயன்படும், எச்சரிக்கையை விலக்குவதற்கும் பயன்படும். எங்களுக்கு மணி அடிக்க வேண்டிய காது நடுக்கடலில்தான் இருக்க வேண்டும்.

சரி, கணினிக்கு வருவோம். கொழும்பிலோ சென்னையிலோ ஒரு நிறுவனத்தின் சேர்வர்களை இரவில் பார்த்துக்கொள்ளும் பொறியியலாளர் இருக்கிறார். அவர் தலைமாட்டில் கைத்தொலைபேசி. கண்காணிப்பு மென்பொருள் நூற்றுக்கணக்கான எண்களை அளந்துகொண்டிருக்கிறது. புதிதாக அதைப் பொருத்துகிறவர்கள் அநேகமாக எல்லா எண்ணுக்கும் ஒரு வரம்பு வைத்துவிடுவார்கள். வன்தட்டு 90 வீதம் நிறைந்தால் மணி, செயலி 80 வீதத்துக்கு மேல் ஓடினால் மணி. இரவு இரண்டு மணிக்கு அவர் எழுந்து பார்ப்பார். வழக்கமான கணக்கு முடிக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கும், ஐந்து நிமிடத்தில் தானாகத் தணிந்துவிடும். வற்றுப்பெருக்குக்கு மணி அடிக்கும் மிதவை இது.

பொறுக்கக்கூடிய நேரம் என்ற கணக்கை இங்கேயும் போடலாம். 90 வீதம் நிறைந்த வன்தட்டு இரண்டு மாதமாக அங்கேயே நின்றால் அவசரம் எதுவும் இல்லை. 60 வீதம் நிறைந்தது, ஆனால் இதே வேகத்தில் போனால் நாலு மணி நேரத்தில் முட்டிவிடும் என்றால், அதுதான் எழுப்ப வேண்டிய விஷயம். புரோமிதியஸ் என்ற பரவலான கண்காணிப்பு மென்பொருளில் இப்படிக் கடந்தகாலப் போக்கைக் கோடாக நீட்டி ஊகிக்கும் வசதி இருக்கிறது. வரம்பைத் தாண்டிய நிலை இத்தனை நிமிடம் நீடித்தால் மட்டும் மணி அடி என்று சொல்லும் வசதியும் இருக்கிறது. மோஃபெல்ட் கேட்ட இரண்டாம் சாட்சிதான் அது.

எதை அளந்து மணி அடிப்பது என்பது இதைவிடச் சிக்கல். காரணத்தைக் கண்டதும் அடிப்பதா, விளைவைக் கண்டதும் அடிப்பதா? செயலி சூடாவது காரணம். வாடிக்கையாளருக்குப் பணம் அனுப்ப முடியாமல் போவது விளைவு. காரணங்கள் கணக்கற்றவை, எல்லாவற்றையும் முன்கூட்டிப் பட்டியலிட யாராலும் முடியாது. 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில் அனாக் கிரக்கத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. எழுந்த சுனாமியில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரிய நிலநடுக்கம் இல்லாததால், நடுக்கத்தைக் கேட்டு விழிக்கும்படி அமைந்த எச்சரிக்கை ஏற்பாடு விழிக்கவே இல்லை. நீர்மட்டத்தை நேராகப் பார்க்கும் கருவிக்கு அலை எதனால் எழுந்தது என்பது பொருட்டல்ல. கூகுள் பொறியியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ‘சைட் ரிலயபிலிட்டி இன்ஜினியரிங்’ என்ற நூலும், ஆளை எழுப்பும் மணியைப் பயனாளர் உணரும் விளைவோடு கட்டும்படியே வற்புறுத்துகிறது. ஆனால் விளைவுக்காகக் காத்திருந்தால் நேரம் போதாத இடங்கள் உண்டு. நிக்கோபார் அப்படிப்பட்ட இடம், நிறைந்துகொண்டிருக்கும் வன்தட்டும் அப்படிப்பட்டதே. அங்கே காரணத்துக்கே மணி அடிக்க வேண்டியதுதான்.

இதைக் கவனிக்காமல் மணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு, 1994 ஜூலை 24இல் வேல்ஸ் நாட்டின் மில்ஃபர்ட் ஹேவனில் டெக்சாகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிவிபத்து உதாரணம். காலையில் மின்னல் தாக்கி ஆலையின் ஓட்டம் குலைந்தது. ஒரு வால்வு மூடிக் கிடந்தது, கட்டுப்பாட்டு அறைத் திரையோ திறந்திருப்பதாகக் காட்டியது. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் அங்கிருந்த இயக்குநர்கள் முன்னால் வந்து குவிந்தவை 275 எச்சரிக்கைகள். இரண்டு மூன்று செக்கனுக்கு ஒன்று. உண்மையான செய்தி அதற்குள்தான் இருந்தது, படிக்க எவருக்கும் நேரமில்லை. 26 பேர் காயமடைந்தார்கள். விசாரணைக்குப் பிறகு எச்சரிக்கைகளை அடுக்குவதே பொறியியலில் தனிப் பாடமாயிற்று. ஓர் ஆள் நிதானமாகக் கையாளக்கூடியது பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் என்பது இன்று தொழிற்சாலைகளில் சொல்லப்படும் வழிகாட்டல்.

ஆபத்து வந்த வேளையில் குவிவது ஒரு விதம். நாள்தோறும் வீணாக அடித்து அடித்துக் காது மரத்துப்போவது மற்றது. அதை எச்சரிக்கைச் சலிப்பு என்று வைத்துக்கொள்வோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலைசெய்யும் தாதியர்க்கு இது நன்றாகத் தெரியும். சலிப்புக்கு ஆளைக் குறைசொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறில் தொண்ணூற்றைந்து தடவை ஒன்றுமில்லை என்று கற்றுக்கொடுத்த மணியை அலட்சியம் செய்வது, அந்த மூளை சரியாகக் கணக்குப் போடுகிறது என்பதற்கே அடையாளம். திருத்த வேண்டியது மணியை.

எளிதாகத் திருத்தக்கூடிய ஓர் இடம், அடித்த மணியை நிறுத்தும் இடம். அளவு வரம்பைச் சுற்றி மேலும் கீழுமாக ஆடினால் மணி அடித்து, நின்று, மறுபடி அடிக்கும். அடிப்பதற்கு ஒரு வரம்பும் நிறுத்துவதற்கு அதைவிடத் தாழ்ந்த வரம்பும் வைத்தால் இந்தத் தொல்லை தீரும். 90இல் அடித்தது 80க்கு இறங்கினால்தான் ஓயும். இடையில் உள்ளதைத் தயக்க இடைவெளி என்று சொல்லலாம். சுனாமியில் இது உயிர்ப் பிரச்சினை. அலை ஒன்றல்ல, பல வரும். முதலாவது பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் அலை வற்றியதும் பொருட்களை எடுக்கத் திரும்பிப்போய் அடுத்ததில் அகப்பட்டவர்கள் 2004இல் பலர். ஒருமுறை விழித்த மிதவை சில மணி நேரம் விழித்தபடியே விவரம் அனுப்புவதும், 2012இல் எச்சரிக்கை விலகச் சுணங்கியதும் இதனால்தான். வெய்யிலில் வீதியோரம் குந்தியிருந்தவர்களுக்கு அது எரிச்சலாக இருந்திருக்கும்.

கடைசியாக, மணி அடிக்காமல் இருப்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஆபத்தில்லை என்பது ஒன்று, கருவி செத்துவிட்டது என்பது மற்றது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அமைதி. இதைப் பிரித்தறியத்தான் ஆழ்கடல் மிதவை, எதுவும் நடக்காத நாட்களிலும், வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தன் அளவுகளை அனுப்பிவைக்கிறது. உயிரோடிருக்கிறேன் என்ற செய்தி அது. சேர்வர்களும் இப்படி ஓர் உயிர்த்துடிப்பை அனுப்பும். கண்காணிக்கும் மென்பொருளையே வேறோர் இடத்திலிருந்து இன்னொரு சிறிய நிரல் கவனித்திருக்கும், துடிப்பு நின்றால் மணி அடிப்பது மட்டும்தான் அதன் வேலை. மிதவைகள் அடிக்கடி மௌனமாகின்றன. மிதக்கும் எதன் நிழலிலும் மீன் கூடும், மீன் கூடும் இடத்துக்கு ஆழ்கடல் படகுகள் வரும், கயிறு கட்டும், சங்கிலி அறும். புயலிலும் அறும். அப்படி ஒன்று மௌனமானால் களுதாவளையில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. சென்னையிலோ பேங்கொக்கிலோ அதைப் பராமரிக்கும் பொறியியலாளரின் மேசைக்குக் காலையில் ஒரு மின்னஞ்சல் போனால் போதும். கப்பல் ஒழுங்குசெய்து போய்த் திருத்த வாரங்கள் ஆகும். அதுவரை அந்தப் பக்கத்துக் கடலுக்கு இரண்டாம் சாட்சி இல்லை என்பது எச்சரிக்கை அறையின் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அந்த வாரங்களில் நடுக்கம் வந்தால் அங்கே இருப்பவர் நிக்கோபாருக்கான விதியைத்தான் நமக்கும் பிரயோகிக்க வேண்டிவரும்.